பெயர் போடாத புகாரில் பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். அலுவலக வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கும் டீசல் பில் வருகிறது. பில்லைப் பதிவு செய்பவள் நான், கையெழுத்துப் போட்டுப் பாஸ் செய்பவர் என் பிரிவு மேலாளர். பெயர் சொல்லாமல் புகார் செய்ய இப்போது ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறார்கள். வராந்தாவில் ஒரு பெட்டியும் மாட்டியிருக்கிறார்கள். “மொட்டைப் பெட்டிஷன் நேரா குப்பைக்குத்தான் போகும்” என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா. “எப்படியும் கண்டுபிடிச்சிடுவாங்க, நமக்கு எதுக்கு வம்பு” என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? நான் எழுதி வைத்திருக்கும் புகாரையும் இணைத்திருக்கிறேன். அனுப்பலாமா ஐயா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த அக்கா சொல்வதும் நடக்கும், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் நடக்கும். ஒரே கடிதத்துக்கு இரண்டும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். புகார் கிடப்பில் போனது, எழுதியவர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

புகார் விசாரணைப் பிரிவுக்கு நான் போவதற்கு முன்னால் வேலை பார்த்த ஓர் அலுவலகம் அது. ஒரு நாள் தபாலில் மொட்டைக் கடிதம் வந்தது. டைப் அடித்த கடிதம், வெளியூர் தபால் முத்திரை. எழுதியவர் எல்லாவற்றையும் பக்குவமாகத்தான் செய்திருந்தார். ஆனால் அப்படியொரு கடிதம் வந்த அலுவலகத்தில் முதல் இரண்டு நாள் ஒரே வேலைதான் நடக்கும்: எழுதியது யார் என்று தேடுவது. பழைய விடுப்புக் கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார்கள். மொட்டைக் கடிதத்தில் ‘மேற்படி’, ‘மேற்படியார்’ என்று வரிக்கு வரி வந்திருந்தது. அந்த வார்த்தை இல்லாமல் அரை நாள் விடுப்புக்கூட எழுதத் தெரியாதவர் எங்கள் அலுவலகத்தில் ஒருவர்தான். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இடமாற்ற உத்தரவு வந்தது, அவ்வளவுதான். கடிதத்தில் சொல்லியிருந்த விஷயத்தை ‘ஆதாரம் இல்லை’ என்று ஒரே வரியில் மூடினார்கள். மூடுவதற்கு வசதியாகத்தான் அவரும் எழுதியிருந்தார்: நாலு பக்கம் வசை, ஒரு தேதி கிடையாது.

உங்கள் நகலைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. அதை இணைத்தது நல்லதாகப் போயிற்று. அதை வைத்தே சொல்லிவிடுகிறேன். உங்களைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களைக் கேள்வியிலும் இங்கேயும் மாற்றியிருக்கிறேன், பயப்பட வேண்டாம்.

முதல் பத்தி: “எங்கள் மேலாளர் பணம் தின்னும் பேய். அவர் செய்யாத அக்கிரமம் இல்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.” உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதைப் பிரித்துப் படிக்கும் விசாரணை அதிகாரிக்கு இதில் செய்ய ஒரு வேலையும் இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்றால் யாரைப் போய்க் கேட்பது? இன்னொன்றும் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் மாதங்களில் எங்கள் பிரிவுக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் கட்டுக் கட்டாக வரும். போட்டியில் இருக்கும் நாலு பேரைப் பற்றியும் வரும், பெரும்பாலும் மற்ற மூன்று பேரிடமிருந்து. பேய், பூதம், அக்கிரமம் எல்லாம் அந்தக் கடிதங்களின் பாஷை. நீங்கள் உண்மையைச் சொன்னாலும் அந்தக் கட்டிலேயே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். இந்தப் பத்தியை முழுசாக எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது பத்தி: “14-ஆம் தேதி இந்தப் பில்லைப் பதிவு செய்யச் சொன்னபோது, வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதே சார் என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பார் என்றார்.” அறையில் இருந்தது நீங்களும் அவரும். இதைவிட ஒரேயடியாகக் கீழே கையெழுத்தே போட்டுவிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி ஒளிந்து கிடக்கிறது: “வண்டி 9 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அந்த 9 நாளில் 4 தடவை டீசல் போட்டதாகப் பில் இருக்கிறது.” என் மேசைக்கு இது வந்திருந்தால் அன்றைக்கே கோப்பு திறந்திருப்பேன். உங்களையோ வேறு சாட்சியையோ தேடிப் போக வேண்டியதில்லை, ஒர்க்‌ஷாப் ரசீது, டீசல் பில், வண்டி என்றைக்கு எங்கே ஓடியது என்று எழுதும் லாக் புக் என்ற மூன்று காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

சிக்கலும் அந்த வரியில்தான். புகார் எவ்வளவு துல்லியமோ அவ்வளவு நம்புவார்கள். எவ்வளவு துல்லியமோ அவ்வளவு சுலபமாக உங்களிடம் வந்தும் சேர்வார்கள். பெயரை மறைப்பது பெரிய வித்தை இல்லை. தெரிந்த விஷயமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2017-இல் அமெரிக்காவில் ஒரு ரகசிய ஆவணம் பத்திரிகைக்குப் போன வழக்கில் நடந்தது இதுதான். பத்திரிகை காட்டிய பிரதியில் மடிப்புத் தடம் தெரிந்தது. அப்படியானால் அச்செடுத்துக் கையில் கொண்டுபோயிருக்கிறார்கள். அச்செடுத்தது யார் யார் என்று கணினிப் பதிவைப் பார்த்தால் மொத்தம் ஆறே பேர். அதில் ஒருவர் மட்டும் அலுவலகக் கணினியிலிருந்து அந்தப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கதை முடிந்தது.

அதனால் எழுதும் முன் விரல்விட்டு எண்ணுங்கள். டீசல் பில் தேதி யார் யாருக்குத் தெரியும்? ஓட்டுநர், மேலாளர், நீங்கள். மூன்று பேர். லாக் புக் யார் பார்வைக்குப் போகும்? வண்டியில் போகிற அதிகாரிகள் எல்லாருக்கும். ஒர்க்‌ஷாப் ரசீது? அது வேறு பிரிவு வழியாக வந்து, தணிக்கைக்கும் போகும், நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குறைந்தது ஏழெட்டுப் பேர் கைபட்ட காகிதம். ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கும் தெரியும். ஆகவே டீசல் பில் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காமல் ஒர்க்‌ஷாப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். நான் இப்படித் திருத்துவேன்:

“இந்த அலுவலகத்தின் வாகனங்களுக்குக் கடந்த ஓராண்டில் பழுதுபார்ப்புக்காகப் பணம் கொடுத்த ரசீதுகளில், வண்டி உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் உள்ளன. அந்தத் தேதிகளை அதே வண்டியின் லாக் புக்குடனும் எரிபொருள் பில்களுடனும் ஒப்பிடவும். ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களுக்கும் எரிபொருள் பில் பாஸாகியுள்ளது. எல்லா வாகனங்களையும் சேர்த்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டித் தகவல் சொல்லாமல் லாக் புக்கை எடுத்துக்கொள்வது நல்லது.”

அவ்வளவுதான். மேலாளரின் பெயர்கூட வேண்டாம், பாஸ் செய்த கையெழுத்து பில்லிலேயே இருக்கிறது. ‘எல்லா வாகனங்களையும்’ என்பதைக் கட்டாயம் போடுங்கள். ஒரே வண்டியின் ஒரே மாதக் கோப்பைக் கேட்டால் யார் சொல்லியிருப்பார்கள் என்று உடனே ஊகிப்பார்கள். ஓராண்டுக் கோப்புகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போனால் வழக்கமான தணிக்கை மாதிரி இருக்கும். கடைசி வரிக்கும் காரணம் இருக்கிறது. ‘அடுத்த வாரம் வருகிறோம், லாக் புக்கைத் தயாராக வையுங்கள்’ என்று கடிதம் போட்டுவிட்டுப் போன விசாரணைகளை எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் ஆறு மாத லாக் புக்கும் ஒரே பேனாவில், ஒரே மை நிறத்தில், புத்தம் புதுசாக இருக்கும்.

இன்னொரு ஆசை வரும், வேண்டாம். பொதுமக்களில் ஒருவர் மாதிரியோ ஒர்க்‌ஷாப்காரர் மாதிரியோ வேஷம் போட்டு எழுதாதீர்கள். அந்த ஒரு பொய் வெளிப்பட்டால் மீதி உண்மையும் சேர்ந்து போய்விடும். வேறொருவர் பெயரைப் போட்டு அனுப்புவது அதைவிட மோசம். நீங்கள்தான் அனுப்பினீர்களா என்று அந்த ஆளுக்கே கடிதம் எழுதிக் கேட்பார்கள், அவர் இல்லை என்பார், புகார் அங்கேயே செத்துப்போகும். நீங்கள் யார் என்று சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு.

சரி, எந்த வழியாக அனுப்புவது? வராந்தாப் பெட்டியை மறந்துவிடுங்கள். மனுநீதிச் சோழனின் மணியை அடித்த பசுவும் பெயர் சொல்லவில்லைதான், ஆனால் அது அடித்ததை ஊரே பார்த்தது. பெட்டிக்கு எதிரே கேமரா இருக்கிறதா என்பதைவிட முக்கியம், சாவி யாரிடம் என்பது. ஜப்பானில் 1721-இல் ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) யோஷிமுனே மக்கள் மனுப் போட ஒரு பெட்டி வைத்தார். அது பூட்டியபடியே அவரிடம் போய், அவர் முன்னால்தான் திறக்கப்படும், நடுவில் எந்த அதிகாரியும் கை வைக்க முடியாது. (பெயர், முகவரி இல்லாத மனுவை அவரும் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். இந்தச் சண்டை பழசு.) உங்கள் வராந்தாப் பெட்டியின் சாவி உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு மேசை டிராயரில் இருக்கும் என்பது என் அனுமானம்.

இணையதளம் பரவாயில்லை, ஆனால் முதலில் வெறுமனே திறந்து பாருங்கள். எதையும் நிரப்ப வேண்டாம். கைபேசி எண் கேட்டு ஓடிபி அனுப்பினால், ‘பெயர் தேவையில்லை’ என்று எத்தனை பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அது பெயரில்லாப் புகார் ஆகாது. புகாரை யார் படிப்பார்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ‘சம்பந்தப்பட்ட அலுவலகத் தலைவருக்கு அனுப்பப்படும்’ என்று இருந்தால் தளத்தை மூடிவிடலாம், அது திரும்ப உங்கள் மேலாளரின் மேசைக்கே வரும் வாய்ப்பு அதிகம். துறைக்கு வெளியே இருக்கும் ஊழல் தடுப்பு அமைப்புக்கோ தணிக்கை அமைப்புக்கோ நேராகப் போனால் நல்லது.

கடைசியாக, அனுப்பி முடித்ததும் ஒரு குறியீட்டு எண் தருகிறதா என்று பாருங்கள். இதை நான் ரொம்பப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பழைய மொட்டைக் கடிதத்தின் பெரிய குறையே அது ஒருவழிப் பாதை என்பதுதான். ‘எந்த வண்டி, எந்த மாதம்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்க முடிந்திருந்தால் நான் முடிக்காமல் மூடிய பல கோப்புகளை முடித்திருப்பேன். யாரிடம் கேட்பது? இப்போது குளோபலீக்ஸ் மாதிரியான, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. புகார் கொடுத்தவருக்கு 16 இலக்க எண் ஒன்று தரும். அந்த எண்ணை வைத்து மறுபடி உள்ளே போனால் அதிகாரி கேட்ட கேள்வி அங்கே இருக்கும், நீங்கள் பதில் எழுதலாம். அவருக்கு உங்களைத் தெரியாது. பார்சிலோனா நகராட்சி 2017-இல் இதை வைத்துத்தான் தன் புகார்ப் பெட்டியைத் தொடங்கியது.

தளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலுவலகக் கணினி, அலுவலக வைஃபை, அலுவலக பிரின்டர் மூன்றையும் தொடாதீர்கள். கலர் லேசர் பிரின்டர்கள் பல, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளில் தங்கள் வரிசை எண்ணையும் தேதியையும் தாளில் பதித்துவிடும். பில்லைப் படம் பிடித்து இணைக்க நினைத்தால் யோசியுங்கள்: அந்தப் படத்துக்குள் நேரமும் போன் மாடலும் சில சமயம் இடமும் பதிவாகியிருக்கும். உங்கள் மேசை விரிப்பு ஓரத்தில் தெரிந்தாலே போதும். அசல் காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வருவது கூடவே கூடாது, அது உங்கள் மேல் தனி வழக்காகிவிடும். உங்கள் விஷயத்தில் இணைப்பே தேவையில்லை. காகிதம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறீர்கள், போய் எடுத்துக்கொள்ளட்டும்.

குப்பைக்குப் போகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். அது ஊருக்கு ஊர் விதியைப் பொறுத்தது. 2003-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை, பெயர் சொல்லாமலும் புகார் செய்ய மக்களுக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறை ஒவ்வொரு நாட்டிலும் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 சட்டம் பெயரில்லாப் புகாரை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. ஆனால் அப்படிப் புகார் கொடுத்தவர் பின்னால் அடையாளம் தெரிந்துபோனால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுதிவைத்திருக்கிறது. இந்தியாவில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பெயரில்லாப் புகார் மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்பதையே விதியாக வைத்திருக்கிறது. அங்கே அந்த அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அதற்குப் பதிலாக அங்கே இன்னொரு வழி உண்டு: பெயரை ஆணையத்திடம் மட்டும் சொல்வது. அது வந்த கதை சோகமானது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, அங்கே நடந்த முறைகேடுகளை 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியே எழுதினார். அந்தக் கடிதம் மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ. நாடு முழுக்க எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகு, 2004-இல் மத்திய அரசு ஊழியர்கள் பற்றிய புகார்களுக்காக ஒரு ரகசிய முறை வந்தது. மூடிய உறை, உறையின் மேல் அனுப்புநர் பெயர் கூடாது, பெயர் உள்ளே. ஆணையம் அந்தப் பெயரைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் புகாரை அனுப்பும். ஒப்புகைச் சீட்டுகூட அனுப்பாது, அந்தச் சீட்டே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால். புகாரின் வாசகத்தில் எழுதியவர் யார் என்ற தடயம் இருக்கக் கூடாது, ஆனால் விவரம் குறிப்பாகவும் சரிபார்க்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றும் ஆணையமே சொல்கிறது. மேலே உங்கள் நகலில் நான் செய்தது அதைத்தான்.

உங்களுக்கு இந்த வேறுபாட்டை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: பில்லைப் பதிவு செய்பவள் நான் என்று. அப்படியென்றால் அந்தப் பில்களில் உங்கள் இனிஷியலும் இருக்கிறது. விசாரணை வந்தால் முதல் நாளே உங்களைக் கூப்பிடுவார்கள், புகார் கொடுத்தவராக இல்லை, பதிவு செய்தவராக. ‘தெரிந்தே ஏன் பதிவு செய்தீர்கள்?’ என்ற கேள்விக்கு, யாருக்கும் தெரியாமல் அனுப்பிய புகார் உங்களுக்குத் துணைக்கு வராது. அதை அனுப்பியது நீங்கள்தான் என்று அப்போது சொன்னால் யார் நம்புவது?

அதனால் உங்கள் நாட்டு விதியில், பெயரை ஓர் அமைப்பிடம் மட்டும் சொல்லி மற்றவர்களிடமிருந்து மறைக்கும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்களுக்கு அதுதான் என் ஆலோசனை. இல்லாவிட்டால் எண் தரும் இணையதளம் வழியாக அனுப்புங்கள். அந்த 16 இலக்கம் மாதிரியான எண் பின்னால் ஒரு வேலைக்கு உதவும்: விசாரணை அதிகாரி முன்னால் தனியாக உட்காரும்போது, இந்தப் புகாரை அனுப்பியது நான், இதோ எண் என்று காட்டலாம். போனில் சேமிக்க வேண்டாம், வீட்டில் ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள். அதே நோட்டில், எந்தத் தேதியில் எந்தப் பில்லைப் பற்றிக் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதையும் ஞாபகம் இருக்கும்போதே எழுதுங்கள். அந்த ‘உன் வேலையைப் பார்’ வரிக்கு இடம் அங்கேதான். விசாரணையில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு அனுப்பினால் இன்னும் நிம்மதி.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. வம்பு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது சார், இனிஷியல் வடிவில். அடுத்த தணிக்கையில் இது தானாக வெளியே வந்தால் அப்போது இவர் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். உலகெங்கும் நிறுவன மோசடிகளை ஆராயும் மோசடி ஆய்வாளர்கள் சங்கம் ஒன்றின் 2024 அறிக்கைப்படி, பிடிபட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ துப்புக் கொடுத்ததால் பிடிபட்டவை. அந்தத் துப்புகளில் பாதிக்கு மேல் உள்ளே வேலை செய்பவர்களிடமிருந்து வந்தவை.

அனுப்பிய பிறகுதான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். ஓட்டுநரிடம் போய் ஏதாவது விசாரணை வருதாமே என்று பேச்சுக் கொடுப்பது, அந்த அக்காவிடம் ஜாடையாகச் சொல்வது, மேலாளரிடம் திடீரென்று அளவுக்கு மீறிப் பணிவது. ஒன்றும் வேண்டாம். வாரம் ஒருமுறை, அலுவலகத்துக்கு வெளியே, எண்ணைப் போட்டு ஏதாவது கேள்வி வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐரோப்பியச் சட்டத்தில் 7 நாளில் ஒப்புகை, 3 மாதத்தில் என்ன செய்தோம் என்ற பதில் என்று கெடு உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஏதும் இல்லாவிட்டாலும் 3 மாதம் என்பது நியாயமான அளவு. அதற்குள் ஒன்றும் அசையவில்லை என்றால் அதே வாசகத்தை, ஒரு வார்த்தைகூடக் காரமாக்காமல், தணிக்கை அமைப்புக்கு அனுப்புங்கள். ஆண்டுத் தணிக்கை எப்போது தொடங்கும் என்று கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கே தெரியும், அதற்கு இரண்டு வாரம் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி.